இனிமே இவருதான் அவராம்

தம்பி,

போன வாரம் நீ மெல்பர்னிலிருந்து போன் பண்ணியபோது, "அவருக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாய். நானும் "அப்படியேதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசினேன். போனில் உனக்கு எதையும் சொல்ல முடிவதில்லை. நான் வாயைத் திறந்தால் நீ நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்பாய். உனக்கு அங்கே வேலை இருக்கும், புரிகிறது. ஆனால் கடிதத்துக்கு நடுவே நீ "சரிம்மா" சொல்ல முடியாதில்லையா, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் சிரித்துக்கொள். ஆனால் முழுசாகப் படி.

நீ 'அவர்' என்கிறாயே, அது உன் அப்பா. பெற்ற பிள்ளைக்கு இதை எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது பார். சர்க்கரை அவர் கண் இரண்டையும் எப்போதோ எடுத்துக்கொண்டது உனக்குத் தெரியும். இப்போது சிறுநீரகமும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயது டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வேண்டியவர்கள் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள் என்றார். வேண்டியவன் ஒருத்தன்தான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, கிறிஸ்மஸுக்குப் பார்க்கலாம் என்கிறான். அதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை, உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. அவர் தினமும் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி வந்துட்டானா?"

வார்டில் சுவரோடு உயரத்தில் ஒரு டிவி மாட்டியிருக்கிறார்கள். சாயங்காலப் பார்வையாளர் நேரத்துக்கு முன்னால், நோயாளிகள் பாதி தூக்கத்தில் கிடக்கும்போது, அதில் ஏதோ ஒரு நாடகம் ஓடுகிறது. ஒருத்தி அழுகிறாள், ஒருத்தன் கதவைச் சாத்திக்கொண்டு போகிறான். யாரும் பார்ப்பதில்லை. எனக்கு மட்டும் அந்த இசை கேட்டவுடனே, நாம் குடியிருந்த சுங்கை பினாங் பிளாட்டும், பாத்திமாக்கா வீடும், டிவிக்கு முன்னால் சட்டையில்லாமல் பள்ளிக்கூடக் கால்சட்டையோடு நீ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததும் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கின்றன.

உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. பக்கத்து வீட்டுப் பாத்திமாக்காவின் புருஷன் சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். நம் மாடியில் அவர்கள் வீட்டில்தான் முதலில் டிவி வந்தது. நான்கு கால் வைத்த மரப்பெட்டி, இழுத்துச் சாத்துகிற கதவு, அதற்கு மேலே பூப்போட்ட துணி. மதியம் சோறு ஆக்கி, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு நாங்கள் பாயோடு போய்விடுவோம். நான் பாயான் லெப்பாஸ் பேக்டரியில் இரவு வேலை பார்த்து வந்து, கொஞ்சம் தூங்கி எழுந்து, சிவந்த கண்ணோடு வந்து உட்காருவேன். எதிர்வீட்டு லெட்சுமி ஒரு பொட்டலம் கச்சாங், வேர்க்கடலைதான், கொண்டு வருவாள். பாத்திமாக்கா எல்லாருக்கும் பால் இல்லாத தே ஓ கலந்து வைத்திருப்பாள். அந்தக் காலத்தில் மதியத்தில் படம் காட்டுகிறார்கள் என்பதே எங்களுக்குப் பெரிய அதிசயம். மதியம் என்றால் துணி காயப் போடுகிற நேரம், அவ்வளவுதான். அதில் எங்களுக்கென்று ஒருத்தன் ஒரு மணி நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறான் என்றால் சும்மாவா!

நாடகம் இங்கிலீஷில் ஓடும். எங்கள் மூன்று பேருக்கும் இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. கீழே மலாய் எழுத்து ஓடும். பசாரில் மீன்காரனோடு மலாயில் சண்டை போடுவோம், ஆனால் அந்த எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். அதனால்தான் நீ. நாலாம் வகுப்புப் படிக்கிற பையன், எங்கள் மூன்று பேருக்கும் வாத்தியார். எழுத்து ஓட ஓட நீ தமிழில் சொல்லிக்கொண்டே வருவாய். ஆம்பிளை பேசினால் குரலைத் தடிப்பாக்குவாய். அந்த மஞ்சள் முடிக்காரி பேசினால் மூக்கால் பேசுவாய். அவர்கள் பேர் எங்கள் வாயில் நிற்காது என்பதால் அவளுக்குப் 'பவுனு' என்று பேர் வைத்தோம். அவள் புருஷனுக்கு 'டாக்டர்'. மாமியாருக்கு 'சீமாட்டி'. அந்தச் சீமாட்டி வாயைத் திறக்கும்போதெல்லாம் லெட்சுமி கச்சாங் தோலை டிவிமேல் எறிவாள்.

சென்சார்காரன் வெட்டு விழுகிற இடம் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேர் முகம் கிட்டே வரும், அதற்குள் படம் ஒரு குதி குதித்து வேறு வீட்டுக்குப் போய்விடும். அடுத்த மாதம் பார்த்தால் பவுனு வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பாள்.

"அலாமாக்! வெட்டுன எடத்துல என்னமோ நடந்து போச்சுலா!" என்று பாத்திமாக்கா கன்னத்தில் கை வைப்பாள்.

"என்ன நடந்துச்சு பெரியம்மா?" என்று நீ கேட்பாய்.

"படிக்கிற வேலைய மட்டும் பாருடா."

ஒரு கை கச்சாங்கை உன் வாயில் திணிப்பார்கள். நான் அந்த நாட்களில் சிரித்த மாதிரி அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் சிரித்ததில்லை.

பவுனுக்குப் பிரசவம் கஷ்டம் என்று வந்த வாரம் லெட்சுமி கோயிலுக்குப் போய் அவள் பேரில் அர்ச்சனை பண்ணிவிட்டு வந்தாள். குருக்கள் நட்சத்திரம் கேட்டிருக்கிறார். "தெரியாது சாமி, வெள்ளைக்காரி" என்றிருக்கிறாள். அவரும் தலையில் அடித்துக்கொண்டு, சாமி பேருக்கே செய்கிறேன் என்று செய்து கொடுத்திருக்கிறார். அடுத்த நாள் பவுனுக்குச் சுகப்பிரசவம். லெட்சுமி அன்று எனக்குக் குங்குமம் கொடுத்தாள், பாத்திமாக்காவுக்குப் பழம் கொடுத்தாள். பைத்தியக்காரிகள் என்று நீ இப்போது நினைக்கலாம். நினைத்துக்கொள். யாருக்காவது ஏதாவது நல்லது நடந்தால் போதும் என்று இருந்தது, தம்பி. எங்களுக்கு நடக்காவிட்டால் அவளுக்காவது நடக்கட்டும் என்று இருந்தது.

எனக்கு நடக்காதது என்னவென்று உனக்குத் தெரியும். உன் அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்குப் போனபோது உனக்கு அவர் முகம் பதிகிற வயதில்லை. முதலில் கடிதம் வந்தது. அப்புறம் நின்றது. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைக் காட்டி, இதுதான் அப்பா என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். அடர்த்தியான மீசை, நிமிர்ந்த கழுத்து. நான் பேக்டரிக்குப் போனபின் நீ அந்தப் படத்துக்குக் கை காட்டிவிட்டுத்தான் தூங்குவாய் என்று பாத்திமாக்கா சொல்வாள். டிவியில் டாக்டரும் அப்போதுதான் வெளியூர் போயிருந்தான். பவுனு ஜன்னலில் நின்று ரோட்டைப் பார்க்கும்போது பாத்திமாக்கா என் பக்கம் திரும்பவே மாட்டாள். அவ்வளவு இங்கிதம் தெரிந்தவள்.

டாக்டர் திரும்பி வந்த நாளை மறக்கவே முடியாது. கதவு தட்டுகிற சத்தம் கேட்டு பவுனு ஓடிப்போய்த் திறக்கிறாள். வாசலில் வேறு ஒருத்தன் நிற்கிறான். மூக்கு வேறு, உயரம் வேறு, முடி நிறம்கூட வேறு. அவள் பாட்டுக்கு அவனைக் கட்டிப்பிடித்து அழுகிறாள்! நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறோம். கீழே ஒரு வரி ஓடியது. நீ அதை மட்டும் வாய்க்குள்ளேயே படித்தாய்.

"டேய், என்ன போட்டிருக்கான்? சொல்லு!"

"இனிமே இவருதான் அவராம்."

"என்னடா ஒளர்றே? அவரு எப்படிடா இவரு?"

"தெரியாது பெரியம்மா. அப்படித்தான் போட்டிருக்காங்க. பழைய ஆளு வர மாட்டாராம். இனிமே இவருதான் அவராம்."

லெட்சுமி கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் வந்துவிட்டாள். ஒரு வாரத்தில் இரண்டு பேரும் புது முகத்துக்குப் பழகிவிட்டார்கள். "டாக்டரு மெலிஞ்சிட்டாரு பாவம்" என்று பேசிக்கொண்டார்கள். எனக்குத்தான் பழகவே இல்லை. புதியவன் வந்து நிற்கும்போதெல்லாம், அவன் முதுகுக்குப் பின்னால் பழைய ஆள் வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

கொஞ்ச மாதம் கழித்து உன் அப்பா வந்தார். நாங்கள் எல்லோரும் டிவிக்கு முன்னால் இருந்த நேரம்தான். பாத்திமாக்கா வீட்டுக் கம்பிக் கதவுக்கு வெளியே ஒருத்தர் பையோடு வந்து நின்றார். பட்டறையில் இரும்புத் தகடு முகத்தில் விழுந்து தாடை நொறுங்கிவிட்டிருந்தது. ஒரு பக்கம் உள்ளே போய், வாய் கோணி, பல் கொட்டி, மீசையில்லாமல் நின்றார். பேசினால் பாதி வார்த்தை காற்றாகப் போனது. இந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படி வருவது என்றுதான் கடிதம்கூடப் போடாமல் கிடந்தாராம். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. நான் எழுந்து ஓடினேன். நீ டிவிப் பெட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய்.

"யாரும்மா இது?"

"அப்பாடா தம்பி. வாடா."

"இவரு அப்பா இல்ல. போட்டோவுல இருக்கிறவருதான் அப்பா."

பாத்திமாக்காதான், பாவம், பிள்ளையைச் சமாதானப்படுத்துவோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். "நீதானே படிச்சே? இனிமே இவருதான் அவருடா!" லெட்சுமி சிரித்தாள். அழுதுகொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன். விஷயம் தெரியாத உன் அப்பாவும், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அந்தக் கோணல் வாயால் சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை. நாங்கள் விளையாட்டாகச் சொன்னதை நீ சட்டமாக எடுத்துக்கொண்டாய். அன்றிலிருந்து அவர் உனக்கு 'அவரு'. "அவரு சாப்பிட்டாராம்மா?" "அவருகிட்ட கையெழுத்து வாங்கிட்டேன்." அப்பா என்று ஒரு தடவை, தவறிக்கூட ஒரு தடவை, உன் வாயில் வரவில்லை. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று இருந்தேன். வளர வளர மரியாதை கூடியது, வேறொன்றும் ஆகவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வந்த புதிதில் அவர் எங்களோடு நாடகம் பார்க்க வந்தார், பெண்களுக்கு நடுவே ஓர் ஓரமாக. நாடகத்தைப் பார்க்கவா வந்தார்? உன் குரலைக் கேட்க வந்தார். பவுனு என்னமோ சொல்லி அழுதாள். "அப்புறம் என்னாச்சு தம்பி?" என்று குளறிக் கேட்டார். நீ படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டாய். அவர் இருந்தால் நீ படிக்க மாட்டாய் என்று தெரிந்தபின் அவர் உள்ளே வருவதில்லை. வெளியே காரிடாரில், செருப்பு கழற்றிப் போடுகிற இடத்தில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். உள்ளே நீ தடித்த குரலிலும் மூக்காலும் பேசுவது கேட்கும். நாடகம் முடியும் நேரத்துக்கு எழுந்து படி இறங்கிப் போய்விடுவார். ஒரு தடவை பாத்திமாக்கா பார்த்துவிட்டு அவருக்கும் ஒரு குவளை தே ஓ கொண்டு போய் வைத்தாள். அப்புறம் தினமும் வைத்தாள். உனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் நிறுத்திவிடுவாயோ என்று பயம்.

அந்த நாடகம் முடியவே இல்லை என்பதாவது நினைவிருக்கிறதா? பவுனு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறாள். உள்ளே டாக்டருக்கு ஆபரேஷன். கதவு திறக்கிறது, அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், தொடரும். அடுத்த திங்கட்கிழமை அந்த நேரத்தில் ஒருத்தி வந்து கேக் செய்து காட்டினாள். அவ்வளவுதான். ஏன் நிறுத்தினார்கள், மிச்சம் எங்கே என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நாங்கள் சில நாள் அந்தக் கேக்கையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். லெட்சுமி பட்டர்வொர்த்துக்கு வீடு மாறிப் போனாள். எல்லார் வீட்டிலும் டிவி வந்தது. அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் பார்த்தார்கள். உன் அப்பா செருப்புப் போடுகிற இடத்தில் உட்காரும் வழக்கமும் நின்றது. அங்கே அவருக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

நீ ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய அன்று ஏர்போர்ட்டில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். அவருக்குக் கை கொடுத்தாய். ஆபீஸ் மேனேஜருக்குக் கொடுக்கிற மாதிரி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் அந்தக் கையை மடியிலேயே வைத்திருந்தார். "பஞ்சு மாதிரி இருக்கு பிள்ளையோட கை. நம்ம மாதிரி கஷ்டப்பட வேண்டியதில்ல" என்று சந்தோஷப்பட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உன் பெண்டாட்டிக்கு இது ஆறாம் மாதம் என்றாய். புத்தி சொல்கிற அளவுக்கு நான் ஒன்றும் நன்றாக வாழ்ந்துவிடவில்லை. ஆனாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உனக்குப் பிறக்கிற பிள்ளைக்கு நீயே படித்துக் காட்டு. தடித்த குரலிலும் மூக்காலும் பேசு, உனக்கு அது நன்றாக வரும். அது உன் முகத்தைப் பார்த்து, அப்புறம் என்னாச்சு என்று கேட்டால், எவ்வளவு வேலை இருந்தாலும் எழுந்து போகாதே. அப்படிக் கேட்கிறவர்கள் கதைக்காகக் கேட்பதில்லை, தம்பி.

இப்போது, இந்தக் கடிதம் எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். பாத்திமாக்கா மகன் நசீரை உனக்குத் தெரியும், உன்னோடு காரிடாரில் பந்து உதைத்தவன். இப்போது சூலியா தெருக் கடையை அவன்தான் பார்க்கிறான். மதிய வியாபாரம் முடிந்ததும் ஒரு தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறான். கூப்பிட்டு வரவில்லை, தானாக வருகிறான். முந்தாநாள் உன் அப்பாவுக்கு மூச்சு முட்டி, கொஞ்சம் அடங்கியபின் மறுபடி, "தம்பி வந்துட்டானா?" என்றார். நசீர் என்னைப் பார்த்தான். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தான். அவன் தன் தகப்பனை அத்தா என்று கூப்பிடுகிறவன். அந்தச் சொல் அவன் நாக்கில் இடறித்தான் வந்தது.

"அப்பா. நான் வந்துட்டேன்ப்பா."

உன் அப்பா அவன் உள்ளங்கையை விரலால் தடவிப் பார்த்தார். எண்ணெய் தெறித்துத் தடித்துப்போன கை அது. அப்புறம் அந்தக் கோணல் வாய் இன்னும் கோணியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

"எம்பிள்ளே என்னை அப்பான்னு கூப்பிட மாட்டானே," என்றார்.

நசீர் அழுதுவிட்டான். கையை உருவப் பார்த்தான். அவர் விடவில்லை.

"இரு, இரு. போகாதே. இனிமே இவருதான் அவரு, அப்படித்தானே? உங்கம்மா சொல்லிச் சிரிச்சாளே அன்னைக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஏதாச்சும் படிச்சுக் காட்டு," என்றார்.

தூக்கைச் சுற்றிக் கொண்டு வந்த பழைய பேப்பர்தான் கையில் இருந்தது. நசீர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் படித்தான். எங்கேயோ தண்ணீர்க் குழாய் உடைந்த செய்தி. உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவன் நிறுத்தியபோது, "அப்புறம் என்னாச்சு?" என்றார். அவன் அடுத்த செய்தியைப் படித்தான். நேற்றும் வந்து படித்தான். இன்று 'அப்புறம்' என்று அவர் கேட்கவில்லை. நசீர் படித்துக்கொண்டே இருந்தான். நீ வந்துவிட்டாயா என்று முந்தாநாளுக்குப் பிறகு அவர் விசாரிக்கவே இல்லை.

அதனால் இதைப் படித்துவிட்டு அலறியடித்துக்கொண்டு டிக்கெட் எடுக்காதே. இந்தத் தபால் உன் கைக்கு வரும்போது வார்டில் அந்தக் கட்டிலில் வேறு யாராவது படுத்திருப்பார்கள். இறுதிச் சடங்கைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம், கொள்ளிக்கு உன் சித்தப்பா கெப்பாலா பத்தாஸிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டார். உன் இடத்தில் எல்லாவற்றுக்கும் ஆள் ஆகிவிட்டது. உன் அப்பா சீக்கிரம் பழகிக்கொண்டார், நல்ல மனுஷன். எனக்குத்தான் அந்தப் பழக்கம் என்றைக்கும் வந்ததில்லை. நசீர் தூக்கோடு வார்டு வாசலில் நுழையும்போதெல்லாம், அவன் முதுகுக்குப் பின்னால் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் அம்மா